இருபது கணக்கு

சட்டைக் கையின் மடிப்பை நேராக்கிவிட்டுப் பையின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினாள். அடியில் ஏதோ தட்டியது. பொத்தான் என்று நினைத்து இன்னும் அழுத்தினாள். பிளாஸ்டிக் உருகும் வாடை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள்.

பைக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்தாள். சுட்டது. கேம் திரையில் எழுதுகிற பேனா. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சாம்பல் நிறக் குச்சி. நடுவில் வளைந்துபோயிருந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். நிமிரவில்லை.

"அம்மா, ஆச்சா? ஆஸ்பத்திரி வண்டிக்காரர் சட்டை கேட்டு நிக்கிறாரு." மகள் கதவருகில் வந்து நின்றாள்.

"காலர் பாக்கி."

"காலரை யாரும்மா பாக்கப்போறா?"

"உங்கப்பா பாப்பாரு" என்று சொல்லிவிட்டாள். காலரையும் தேய்த்து முடித்தாள்.

துவைக்காத சட்டை. புதன்கிழமை சாயங்காலம் ஓட்டல் முதலாளியைப் பார்க்கப் போட்டுக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமைக்குள் துவைக்கலாம் என்று ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். இன்று வெள்ளிக்கிழமை. நல்லதாக இது ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் சிமெண்டும் பசையும் காய்ந்து மொடமொடப்பாகிப்போன வேலைச் சட்டைகள். சூடு பட்டதும் அவருடைய வியர்வை நாற்றம் எழுந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மகள் சட்டையை வாங்கிக்கொண்டு போனாள். பேனாவை இவள் இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு வேலைக்குப் போவதற்காக வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. உள்ளே தையல் மிஷினில் இருந்தபடி, "இன்னுமா கட்டுறீங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. அவருக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு கல்லுக்கு நடுவில் இடைவெளி ஒரு மயிரளவு கூடியிருந்தாலும் அதிலேயே கண் நிற்கும். அதுதான் என்று விட்டுவிட்டாள். ஒரு திரைச்சீலையின் அடிமடிப்பை முழுதாகத் தைத்து முடித்த பிறகுதான் எட்டிப் பார்த்தாள். ஒன்பதடி மடிப்பு. மிஷினில் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. டாக்டர் கொழுந்தனைத் தனியாக அழைத்துப் பேசினார். கொழுந்தன் வெளியே வந்து, "தலையில ரத்தம் அண்ணி" என்று மட்டும் சொன்னான். கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் மகள் நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மதியமாகிவிட்டது. அவள் தானே போய் டாக்டரிடம் பேசினாள். வெளியே வந்தவள் அம்மாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் டைல்ஸ் போடுகிறவர். இவள் திரைச்சீலை தைக்கிறவள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவர் கீழே பார்ப்பார், இவள் ஜன்னலைப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால்கூட அப்படித்தான். "ரெண்டு பேரும் எங்க மூஞ்சியை எப்பப் பாப்பீங்க?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். சொந்த வீட்டின் தரை முழுக்க மற்றவர்கள் வீட்டில் மிஞ்சிய கல். ஹாலில் மட்டும் ஒரே ஜாதிக் கல், இரண்டுக்கு இரண்டு, வெளிர் சாம்பல். ஒரு பேங்கில் மிஞ்சியது. நீளத்தில் ஏழு, அகலத்தில் ஆறு. நாற்பத்திரண்டு கல்.

அந்த நாற்பத்திரண்டின் நடுவில் அவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஐந்தடி ஏழு அங்குலம். மூன்று கல் நீளம், மூன்றாவதில் ஐந்து அங்குலம் மிச்சம். இதை அவள் வேண்டுமென்று கணக்குப் போடவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்ததும் தானாக வந்து நின்றது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். கொழுந்தன் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னான். எலக்ட்ரீசியன் ஆதலால் எல்லாவற்றையும் வயர் கணக்கில்தான் அவனுக்குச் சொல்லத் தெரியும். "உள்ளுக்குள்ள லீக்கு. வெளியில ஒண்ணும் தெரியல. திடீர்னு ஃபியூஸ் போயிருச்சு."

பத்து மணிக்குக் கட்டர் வந்தான். கல் வெட்டும் மிஷின் ஓட்டுகிறவன். பதினெட்டு வருடமாக அவரோடு வேலை. கட்டர் என்பது பட்டப்பெயர். அவன் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று இவர் சொல்லிச் சிரிப்பார். வந்தவன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தரைவேலைக்காரர்கள் நாற்காலி தேடுவதில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்குத் தொண்டையில நிக்கும்."

அவள் தலையை மட்டும் திருப்பினாள்.

"ரெண்டு மாசமா அண்ணன் கணக்குப் போடல. நான்தான் போட்டேன்."

"என்ன கணக்கு?"

"கல்லுக் கணக்குத்தான். அந்த டாக்டர் வீட்டு பாத்ரூம் ஞாபகம் இருக்கா? ஒரு பாத்ரூமுக்கு ரெண்டு படுக்கையறைக்கு ஆகுற கல்லை இறக்கிட்டாரு. நான் கேலி பண்ணேன். என்னண்ணே, உள்ள யானை குளிக்குதான்னு. சிரிக்கல. பேப்பரை எடுத்து என் கையில குடுத்துட்டாரு. இனிமே நீ போடு, யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

"வயசாச்சுன்னு நினைச்சிருப்ப."

"அப்படித்தான்க்கா நினைச்சேன். ஆனா போன வாரம் நான் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய் வரலாம்ண்ணேன்னு. ஓட்டல் ஹால் முடியட்டும், அது முடிஞ்சதும் நானே போறேன், தலையைத் திறந்தா ஆறு மாசம் முழங்கால் போட முடியாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருன்னாரு. நான் அதை விளையாட்டுப் பேச்சுன்னு விட்டுட்டேன். தலையைத் திறக்குறதாம். குக்கர் மூடியா அது?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "எந்த டாக்டர்?"

"எனக்கென்னக்கா தெரியும்? உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

அதற்குள் யாரோ வந்து கையைப் பிடித்து அழ ஆரம்பித்தார்கள். கட்டர் எழுந்து போய் வாசலில் செருப்புகளை ஒழுங்காக அடுக்கினான். செய்ய வேறு வேலை இல்லை.

தலையைத் திறந்தால் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கவே நேரமானது. மூன்று மாதம் முன்பு ஒரு மாடிப்படியில் கல்லோடு சறுக்கி விழுந்தார். பின்மண்டையில் வீக்கம். இரண்டு நாள் கழித்து மகள் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இவளுக்கு அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட மேடைக்குத் திரைச்சீலை தொங்கவிடும் வேலை. அப்பாவும் மகளும் திரும்பி வந்தார்கள். "ஒண்ணும் இல்ல. மூளைக்கு எக்சர்சைஸ் குடுக்கச் சொல்லிட்டாரு" என்றார் அவர். அடுத்த வாரம் மகள் அந்தக் கேமை அனுப்பிவைத்தாள். மடக்கிவைக்கும் சின்னப் புத்தகம் மாதிரி ஒரு கருவி, திறந்தால் இரண்டு திரை. மேல் திரையில் கணக்கு வரும். கீழ்த் திரையில் பேனாவால் விடையை எழுத வேண்டும். இருபது கணக்கு. முடிந்ததும் கண்ணாடி போட்ட ஒரு ஆந்தை வந்து எத்தனை வினாடி என்று சொல்லும். மெதுவாகப் போட்டால் நத்தை, கொஞ்சம் வேகத்துக்கு முயல், அதற்கு மேல் குதிரை, எல்லாவற்றுக்கும் மேல் பருந்து. கடைசியில் ஒரு கோட்டுப் படம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. வேகம் கூடினால் கோடு ஏறும். டாக்டரே விளையாடச் சொன்ன மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்று இவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

தாகமாக இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்வாசல் படியில் மகளும் கொழுந்தனும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது.

"இதைப் பாருங்க சித்தப்பா. இது முதல் ஞாயித்துக்கிழமை. இது ரெண்டாவது. இறங்குது பாருங்க. நான் உடனே போன் போட்டேன். ஏம்ப்பா இறங்குதுன்னு. பேனா பழகலடின்னாரு. சரி, இது மூணாவது வாரம். ஏறுது. நாலு. அஞ்சு. இது போன ஞாயித்துக்கிழமை. பதினெட்டு செகண்டு. நானே போட்டுப் பாத்தேன், எனக்கு நாப்பது ஆகுது."

"நல்லாத்தானே இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். முதல் ஸ்கேன்லயே ஒரு நூல் மாதிரி ரத்தம் இருந்துச்சு. அதுவா கரைஞ்சாலும் கரையும், கூடினாலும் கூடும்னு சொன்னாங்க. கூடுச்சுன்னா முதல்ல யோசனை மெதுவாகும், பேச்சு தடுமாறும், சின்னச் சின்னக் கணக்குத் தப்பும், ஒரு நாள்கூட வச்சிருக்காம தூக்கிட்டு வாங்கன்னாங்க. நான் அவ்வளவு தூரத்துல இருக்கேன். தினமும் எப்படிப் பாப்பேன்? அதுக்குத்தான் சித்தப்பா இந்தக் கேமு. தினமும் ஒரே நேரம், ஒரே இருபது கணக்கு. வாரத்துக்கு ஒரு போட்டோ."

"அண்ணிக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"அப்பா சொல்லிக்கிறேன்னாரு. அம்மா கேட்டா தூங்க மாட்டா, பக்குவமா நானே சொல்றேன்னாரு. சொல்லிருப்பாரு."

இவள் கையில் தம்ளர் இருந்தது. குழாயைத் திறக்கவில்லை.

"ரெண்டாவது ஸ்கேன் போன மாசம் எடுத்திருக்கணும். கடையில லீவு தரல. நான் இந்தக் கோட்டைத்தான் பாத்தேன். இப்படி ஏறுற மனுசனுக்கு என்ன அவசரம்னு நானே போன் பண்ணி தேதியைத் தள்ளி வச்சேன். நேத்து அந்த டாக்டர் சொல்றாரு, சின்னதா ஒரு ஓட்டை போட்டு எடுத்திருக்கலாம்மா, நாலாம் நாள் வீட்டுக்கு நடந்து போயிருப்பாருன்னு. வாரக்கணக்கா சேர்ந்த ரத்தமாம். எப்படி சித்தப்பா? ரத்தம் ஏறிட்டே இருந்திருக்கு, கோடும் ஏறிட்டே இருந்திருக்கு. நான் எதைத் தப்பாப் பாத்தேன்?"

"மீட்டர் சில சமயம் பொய் சொல்லும்மா" என்றான் கொழுந்தன்.

"மீட்டர் சொல்லல. நான்தான் படிக்கத் தெரியாம படிச்சிருக்கேன்."

தம்ளரைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்துவிட்டு அவள் ஹாலுக்குத் திரும்பி வந்தாள். அதே இடத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காது அடைத்தது. பக்கத்தில் ஒருத்தி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அந்தக் கோட்டைப் போட்டது இவள்தான்.

கேம் வந்து பதினைந்தாவது நாளோ பதினாறாவது நாளோ, அவர் ஒரு நிமிடம் ஐம்பது வினாடி எடுத்தார். ஆந்தை நத்தையைக் காட்டியது. கேமைச் சோபாவில் வீசிவிட்டார். மறுநாள் நான்கு மணிக்கு டீ கொண்டுவந்து வைத்தபோது, "இந்தா, நீ போடு. எனக்குக் கை நடுங்குது. கோடு இறங்கினா உன் மக போன்ல பள்ளிக்கூடம் நடத்துறா" என்றார். அவள் வாங்கிப் போட்டாள். மகளின் தொல்லையிலிருந்து புருஷனைக் காப்பாற்றுகிற ஒரு விளையாட்டு, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. முதல் நாள் பேனா பிடிபடவில்லை. நாற்பது வினாடி. ஒரே வாரத்தில் இருபத்தைந்து. ஜன்னல் அகலத்தை இரண்டரையால் பெருக்கி, மேல்மடிப்பு கீழ்மடிப்பு கூட்டி, துணி அகலத்தால் வகுத்து, இதையெல்லாம் ஏணிமேல் நின்றுகொண்டே முப்பது வருடமாகப் போட்ட தலை. ஏழெட்டும் ஒன்பதாறும் அதற்கு எந்த மூலைக்கு? முதல் முறை பருந்து பறந்தபோது அவள் சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டாள். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருசமா எங்கிட்ட மறைச்சு வச்சிருக்கியே. தெரிஞ்சிருந்தா உன்னைக் கூட்டிட்டுப் போய்க் கட்டரை வீட்டுக்கு அனுப்பிருப்பேன்."

நான்கு மணிக்காக அவள் காலையிலிருந்தே காத்திருந்தாள். அது ஒன்றும் பொய் இல்லை. வாழ்க்கையில் அவளுக்கு யாரும் மார்க் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டுப் படத்தைப் போனில் எடுத்து மகளுக்கு அனுப்பியதும் அவள்தான். "அப்பா சூப்பர்" என்று பதில் வரும். அவருக்குப் படித்துக் காட்டுவாள். இருவரும் சிரிப்பார்கள்.

அவரும் சிரித்தார். எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்து சிரித்திருக்கிறார்.

புதன்கிழமை பதினேழு வினாடி. அதுவரை போட்டதிலேயே குறைவு. அவள் கேமை மூடினாள். அவர் பேனாவை வாங்கிப் பார்த்துக்கொண்டே, "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டார். இப்போதுதான் அந்தக் கணக்கைப் போட்டிருந்தாள். கேலி செய்கிறார் என்று நினைத்தாள். "போங்க" என்றாள். அவர் போகவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். "அம்பத்தாறு. பள்ளிக்கூடத்துல சேத்து விடட்டுமா?" என்றாள். "அம்பத்தாறு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பேனாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டல் முதலாளியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

டீ சட்டையில் சிந்தியது, திரைச்சீலையைத் தரை என்று சொன்னது, இடது ஷூவை இரண்டு முறை கழற்றிப் போட்டது என்று ஒவ்வொன்றாக இப்போது வந்தன. அப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் அவளிடம் இருந்தது. வயசு. அசதி. ஓட்டல் வேலை.

"அண்ணி, நேரமாச்சு. தூக்கலாமா?" கொழுந்தன் குனிந்து கேட்டான்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். காலர் சரியாக நின்றது. அறைய வேண்டும் போல் இருந்தது. "தூக்குங்க தம்பி" என்றாள்.

மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. போகும்போது வண்டியில் மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். ஒரு இடத்தில் சிக்னலுக்கு நின்றார்கள். "அம்மா, அப்பா உன்கிட்ட ஸ்கேனைப் பத்திச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்வது சுலபம். அது உண்மையும்கூட. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவரைத் தவிர வேறு யாருக்கும் மிச்சம் தெரியாது, அவர் முன்னால் போகிற வண்டியில் இருந்தார்.

"இல்ல" என்றாள்.

"தெரியும். அவர் சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தோணிருக்கணும். எல்லாம் எனக்குத் தோணிருக்கணும்." மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் வந்து ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். போட்டோவைப் பாத்துட்டு இருந்துட்டேன்." அவள் விரல் நகத்தைச் சுற்றித் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. சின்ன வயதில் பரீட்சை நாட்களில் அப்படிக் கடிப்பாள். முப்பத்தோரு வயதில் மறுபடியும் கடித்திருக்கிறாள்.

விளக்கு மாறி வண்டி கிளம்பியது.

திரும்பி வரும்போது மூன்றரை. வாடகை நாற்காலிகளைக் கட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தான். கொழுந்தன் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி ஹாலைக் கழுவினான். நாற்பத்திரண்டு கல்லும் பளபளவென்று காலியாக இருந்தன. இருவரும் போன பிறகு வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும். மகள் குளித்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். இவள் டீ போட்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் போட்டாள். கை தானாக மூன்று தம்ளரை எடுத்து வைத்தது. ஒன்றைத் திரும்பக் கவிழ்த்தாள்.

டீயைக் கொண்டுவந்து வைத்தபோது டிவி மேஜையின் இழுப்பறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூன்று சின்ன மணி, ஒரு கூவல். நான்கு மணி.

மகள் அசையவில்லை. அது நின்றது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி கூவியது. ஆள் வந்து திறக்கும்வரை அப்படித்தான் கூவும். மகள் எழுந்து போய் எடுத்துத் திறந்தாள்.

ஆந்தை வணக்கம் சொன்னது. இன்றைய இருபது கணக்குக்குத் தயாரா என்று கேட்டது.

"நேத்து ஒரு புள்ளி இல்ல" என்றாள் மகள். "இது வெறும் இடைவெளி விட்டிருக்கு."

அவள் பேனாவுக்கான துளையில் விரலை வைத்துப் பார்த்தாள். காலி. விரல்நுனியால் திரையைத் தொட்டாள். கணக்கு வந்தது. எழுதினாள். நகம் வழுக்கி நான்கு ஒன்பதாக விழுந்தது, தப்பு என்று ஒலித்தது. அடுத்தது. அதற்கும் அப்படியே. ஐந்தாவது கணக்கில் அவள் கை நின்றது. மேல் திரையில் ஏழு பெருக்கல் எட்டு என்று இருந்தது. பக்கத்தில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. முகம் நனைந்திருந்தது.

"பதினெட்டு செகண்டு. இந்தத் தலையோட எப்படிம்மா போட்டாரு? மண்டை முழுக்க ரத்தத்தோட எப்படி? நான் சாகுறவரைக்கும் இதை யோசிச்சுக்கிட்டே இருப்பேன்."

அம்மா தன் டீயைத் தரையில் வைத்தாள். மகள் பக்கத்தில், அவர் உட்காரும் இடத்தில் இல்லை, தான் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கேமை மகள் கையிலிருந்து வாங்கினாள். இடுப்பிலிருந்து வளைந்த பேனாவை எடுத்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

மகள் பாதியில் விட்ட கணக்கை அம்மா அழித்து, ஆரம்பத்துக்குப் போனாள். எந்த இடத்தைத் தொட்டால் எது வரும் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் தொட்டாள். மூன்று, இரண்டு, ஒன்று என்று ஆந்தை எண்ணியது.

எழுத ஆரம்பித்தாள். துணியில் சாக்கட்டியால் எழுதுகிற அதே எழுத்து. ஒன்று என்று தப்பாக எடுத்து வெட்டிவிடக் கூடாது என்பதற்காக ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. பேனா வளைந்திருந்ததால் பிடி கொஞ்சம் நழுவியது. பிடியை மாற்றிக்கொண்டாள். கணக்கு வர வர விடை விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன டிக் சத்தம். டிக், டிக், டிக் என்று மிஷின் தைக்கிற மாதிரி. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பருந்து பறந்தது. பத்தொன்பது வினாடி என்றது ஆந்தை. கோட்டுப் படம் வந்தது. நேற்றைய இடைவெளியைத் தாண்டி ஒரு புதிய புள்ளி, முந்தைய புள்ளிகளின் உயரத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது.

மகள் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜைமேல் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அம்மா கேமை மூடினாள். பேனாவை அதன் துளையில் வைத்துத் தள்ளினாள். பாதி போய் நின்றுவிட்டது. எடுத்து, திருப்பி, மறுபடியும் தள்ளினாள்.